அடைத்த இடம் தெரியாது

பிரேம் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் படத்தில் இருப்பது யார் என்று பார்க்க மாட்டார்கள்; சட்டத்தின் நாலு மூலையும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நம்முடைய பிரேம்காரருக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவருடைய படத்தின் முன்னால் வெகு நேரம் அசையாமல் நின்றார். மனிதர் மனம் உடைந்துபோய் நிற்கிறார் என்று நினைத்து அந்த வீட்டார் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் சொன்னது, கீழ் இடது மூலையில் ஆணி ஓட்டையைச் சரியாக மூடவில்லை என்பதுதான்.

ஆணி அடித்தால் ஓட்டை விழத்தான் செய்யும். மற்ற கடைகளில் அதன்மேல் கொஞ்சம் மெழுகைத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். இவர் அந்த மரத்தின் நிறத்துக்குத் தக்கபடி மெழுகைக் கலப்பார், அழுத்துவார், வழிப்பார், நாலு முடி மட்டும் உள்ள தூரிகையால் மரத்தின் ரேகையை அதன்மேல் வரைவார். பிறகு படத்தை வாடிக்கையாளரிடம் நீட்டி, ஆணி எங்கே என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்பார். அவர்கள் படத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க வந்தவர்கள். தெரியலைங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் கடையே வைத்திருந்தார் என்று சொன்னால் அது பெரிய பொய்யாகாது.

கடைக்கும் வீட்டுக்கும் பத்து நிமிட நடை. வீடு என்பது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பாதி. மீதிப் பாதியில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் தனியாக இருந்தார். கீழே மருந்துக்கடை, அதை நடத்துகிறவர்தான் கட்டடத்துக்கு ஓனர். மாடியின் முன்பக்கம் முழுக்க மர வராந்தா. ஆறு மரத்தூண்கள், அவற்றின் தலைக்குமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீளமான உத்தரம், இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கட்டை. கிழக்குக் கோடியில் அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. உள்ளே இருந்த இரண்டு அறைகளிலும் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் இருந்த இடம் அந்த வராந்தா மட்டும்தான். இருபத்தாறு வருஷமாக அவள் அங்கே உட்கார்ந்துதான் தெரு முழுவதற்கும் பள்ளிச் சீருடை தைத்தாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின்மேல் மரத்தூள் விழுந்தது. தட்டிவிட்டாள், மறுபடி விழுந்தது. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுக் கரையான் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் எதற்கும் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவர்களைக் கண்டுபிடித்த பழக்கம் அது. பிரேம்காரர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். உத்தரத்தின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, மெஷினால் போட்டது போல வட்டமாக, விளிம்பில் ஒரு சிராய்கூட இல்லாமல் இருந்தது. பக்கத்துச் சுவரில் மஞ்சளாக ஒழுகிக் காய்ந்த கறை. கரையான் என்றால் மண் கோடு ஏறியிருக்கும். இங்கே ஒரு பொட்டு மண் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கருவண்டு பின்பக்கமாக வெளியே வந்து, காலால் தள்ளிக்கொண்டு வந்த தூளை அவர் நெற்றியில் கொட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனது. நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அளவுகோல் இல்லாமல் இத்தனை சுத்தமாக ஓட்டை போட அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வெயில் ஏறுகிற மாதங்களில் கருவண்டுகள் வந்தன. பிரேம்காரர் அவற்றின் போக்கைக் கவனித்து வைத்தார். மரத்தை அவை தின்பதில்லை, குடியிருக்கத்தான் குடைகின்றன. ஒரு அங்குலம் நேராக மேலே போய், பிறகு சட்டென்று திரும்பி, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே ஒரு சாண் தூரம் போகும். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு முட்டை, கூடவே மகரந்தத்தில் பிசைந்த ஒரு உருண்டை. வாசலில் காவல் நிற்பது ஆண். முகத்துக்கு நேராக வந்து ரீங்காரம் போட்டு மிரட்டும். ஆனால் அதற்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கு இருப்பது பெண்ணுக்கு. அது பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை அவர் கண்டுபிடித்துச் சொன்னபோது, இதைத் தெரிந்துகொள்ள ஏணி போட்டு ஏற வேண்டுமா என்று மனைவி கேட்டாள். கண்டக்டர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. ஆண் வண்டு வரும்போதெல்லாம் துடைப்பமும் கையுமாக வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவார்.

முதல் ஓட்டையைப் பார்த்த அன்றைக்கே அடைத்ததுதான் பிரேம்காரர் செய்த முதல் தப்பு. உள்ளே இருந்த வண்டு இரண்டே நாளில் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டு வெளியே வந்தது. ஒன்று இரண்டானதுதான் மிச்சம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டார்: ஆள் இருக்கிற வீட்டைப் பூட்டக் கூடாது. புதுக் குஞ்சு வண்டுகள் வளர்ந்து கிளம்பிப் போகிறவரை வாரக்கணக்கில் காத்திருப்பார். எல்லாம் போனது உறுதியான பிறகு உள்ளே மருந்துப்பொடி ஊதி, சில நாள் விட்டு, ஓட்டையின் அளவுக்கு உருட்டிச் செதுக்கிய தக்கையைப் பசை தடவி அடித்து இறக்குவார். நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவி, உப்புத்தாள் போட்டு, மெழுகு பூசி, ரேகை வரைவார். பக்கத்தில் ஓடுகிற ரேகை தக்கையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அது சேரும்வரை ஏணியை விட்டு இறங்க மாட்டார், சாப்பாடு ஆறிப்போகும்.

பதினாறு வருஷத்தில் இப்படி நாற்பத்து மூன்று ஓட்டைகள். எண்ணிக்கை மனப்பாடமாகத் தெரியும். எது எங்கே என்பது அவருக்கே தெரியாது, அதுதான் அவருடைய பெருமை.

இந்தச் சமர்த்து தெருவில் பரவி, கதவுநிலை, கூரைக் கட்டை, தோட்டத்துப் பெஞ்சு என்று வண்டு குடைந்த எதுவானாலும் அவரைக் கூப்பிட்டார்கள். அடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும்போது, இரண்டு கோட்டு பெயிண்ட் அடியுங்கள், அடிப்பக்கமும் அறுத்த முனையும் விடாமல் அடியுங்கள், பெயிண்ட் பட்ட மரத்தில் வண்டு உட்காராது, வெறும் மரத்தைத்தான் தேடி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவர்களும் அடித்தார்கள், வண்டும் வரவில்லை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். அவருடைய வராந்தாவில் மட்டும் ஒரு சொட்டு பெயிண்ட் கிடையாது. ஓனர் வருஷா வருஷம் பெயிண்ட் வாங்கித் தருகிறேன் என்பார். இவர் மரம் மூச்சு விட வேண்டும் என்று ஏதோ சொல்லித் தள்ளிப்போடுவார். உண்மைக் காரணம் வீட்டுக்குள் தெரியும். பெயிண்ட் அடித்தால் நாற்பத்து மூன்று தக்கையும் அதற்குள் போய்விடும்.

"இப்பவே யார் கண்ணுக்கும் தெரியாதுங்கறீங்க. பெயிண்ட் அடிச்சா மட்டும் என்ன புதுசா மறையப்போகுது?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அவர் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே கடைக்குப் போனார். பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. அடுத்த வருஷம் வெறும் மரத்தைத் தேடி வண்டுகள் நேராக அங்கேதான் வந்தன.

இந்த வருஷம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியின் பழைய மர வராந்தா இடிந்து விழுந்தது. கீழே யாரும் இல்லை. ஒரு சைக்கிள் மட்டும் நசுங்கியது. ஆனாலும் நம்முடைய ஓனருக்குத் தூக்கம் போய்விட்டது. மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் நிற்பது நேராக அந்த வராந்தாவுக்கு அடியில். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கட்டடங்களைச் சோதித்துச் சான்று தருகிற ஒரு இன்ஜினியரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதாக மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பிரேம்காரர் வராந்தாவைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், உத்தரத்தின் அடியில் புது ஓட்டை ஒன்று இருந்தது. உள்ளே வண்டு குடைகிற சத்தம் கேட்டது. நாளைக்கு ஒரு இன்ஜினியர் வந்து, இவர் வராந்தாவில் பல்லை இளித்துக்கொண்டிருக்கும் ஒரு ஓட்டையைப் பார்க்கப் போகிறார். அதை அவரால் தாங்க முடியவில்லை. ஏணியை எடுத்தார்.

"உள்ள இருக்குங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டும். ரெண்டு நாள்தானே. இன்ஜினியர் போனதும் திறந்து விட்டுடலாம்."

பதினாறு வருஷத்து விதியை மீறி, அரைமணி நேரத்தில் ஓட்டையை அடைத்து, சீவி, மெழுகு பூசி, ரேகை வரைந்து முடித்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்ஜினியர் நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர், ஜலதோஷம் பிடித்திருந்தது. டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், கிளிப் அட்டையில் செருகிய தாள் ஆகியவற்றோடு வந்தார். உத்தரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தட்டிக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் கெட்டியாகக் கேட்கும், கொஞ்ச தூரம் காலிப் பெட்டியைத் தட்டினது போலக் கேட்கும். பலகை இடுக்குகளில் மரத்தூள் கிடந்தது. சுவரில் கறை இருந்தது. ஓட்டை மட்டும் எங்கேயும் இல்லை. ஓட்டையைத் தேடி டார்ச்சோடு அவர் மூன்று முறை நடந்தபோது பிரேம்காரருடைய முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. மனைவி அதைக் கவனித்தாள்.

மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் இன்ஜினியர் நின்று, ஏணியில் ஏறிக் காதை உத்தரத்தில் வைத்தார். ஓனரைக் கூப்பிட்டு அவரையும் வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே கரகரவென்று ஏதோ கடித்துக்கொண்டிருந்தது. ஓனர் பேயறைந்தவர் போல இறங்கினார்.

வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே தின்றுகொண்டு போகிற ஜாதி, கரையானோ அதைவிட மோசமானதோ தெரியாது, எவ்வளவு போயிருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இப்படி ஒரு உத்தரத்தை நம்பி ஆட்களைக் குடிவைக்கக் கூடாது என்றார் இன்ஜினியர். வராந்தாவைப் பிரித்துவிட வேண்டும். அதன்மேல் உட்கார்ந்திருக்கிற கூரையும் கூடவே போகும். மாடியை ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். பிரேம்காரருடைய சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். கருவண்டு, தக்கை, மெழுகு, ரேகை, பதினாறு வருஷம், நேற்று மாலை உட்பட. இன்ஜினியர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களை அவர் நிறையப் பார்த்தவர். குடியிருப்பவர்கள் வீடு போகாமலிருக்க எதையும் சொல்வார்கள். இருந்தாலும் நியாயமாக ஒன்று சொன்னார்.

"வண்டுன்னா வாசல் இருக்கணும். ஒண்ணைத் திறந்து காட்டுனீங்கன்னா ஒண்ணுக்குத்தான் ஆதாரம். பொள்ளலா கேக்குற ஒவ்வொரு இடத்துக்கும் வாசலைக் காட்டுங்க, கணக்குச் சேருதான்னு பாக்கறேன். வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

பிரேம்காரர் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. ஏணி, டார்ச், பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு தன்னுடைய வேலையைத் தானே தேடினார். தட்டினால் பொள்ளல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிகிறது, வாசல் தெரியவில்லை. இங்கேதான் இருக்க வேண்டும் என்று நகத்தால் கீறிப் பார்ப்பார், மரம். தள்ளிக் கீறுவார், அதுவும் மரம். புதன்கிழமை மாலைக்குள் ஆறு கிடைத்தன. கிடைக்காத ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும்; கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கண்டக்டர் உதவிக்கு வந்து, ஒரே பார்வையில் பன்னிரண்டு இடங்களைக் காட்டினார். பன்னிரண்டும் தப்பு.

புதன்கிழமை மத்தியானம் அடைபட்ட வண்டு தக்கைக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டு வெளியே வந்தது. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஓட்டையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வந்த இரண்டு பேரிடம், அடுத்த மாசத்துக்கு வேலை எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். அதைக் கேட்டபோதுதான் பிரேம்காரருக்கு உண்மையாகவே பயம் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் யாருக்கும் துணியைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை இன்ஜினியர் புது ஓட்டையைப் பார்த்தார். வண்டு என்று ஒத்துக்கொண்டார். அந்த ஆறு தக்கைகளையும் பார்த்தார். வேலை பிரமாதம் என்று சொன்னார், மனதாரச் சொன்னார். ஆனால் மீதிப் பொள்ளலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்தார். ஓனர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

மனைவி மெஷினிலிருந்து எழுந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துக்கொண்டு, ஏணியை முதல் தூணருகே நகர்த்தி ஏறினாள். உத்தரத்தின் அடியில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். ஒரு கை தள்ளி இன்னொன்று. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறினாள். தேடவே இல்லை. வீட்டுச் சாமான் இருக்கிற இடத்தை எடுத்துக் கொடுப்பது போல, கை நேராகப் போய் வட்டம் போட்டது. உத்தரம் முடிந்ததும் தூண்கள், தூண்கள் முடிந்ததும் கைப்பிடிக் கட்டையின் அடிப்பக்கம். இன்ஜினியர் பின்னாலேயே போய் ஒவ்வொரு வட்டத்திலும் ஊசிமுனையால் குத்திப் பார்த்தார். பசைக் கோடு இருந்தது.

"எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"மூணு மணி வெயில் சாஞ்சு விழும்போது, மெஷின்ல உக்காந்து பாத்தா எல்லாமே தெரியும். மழைக்காலத்துல தக்கை ஒரு நூல் உப்பும். தினமும் பாக்கறதுதானே."

பிரேம்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு வருஷம், ஒவ்வொரு தக்கைக்கும் அவளைக் கூப்பிட்டு, எங்கே என்று சொல் என்று கேட்டிருக்கிறார். அவளும் ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, தெரியலையே என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு வீடு தப்பித்துவிட்டது என்பது புரிய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவரை அறுத்தது வேறு.

ஞாயிற்றுக்கிழமை அடைத்ததை விட்டுவிட்டு இன்ஜினியர் எண்ணி, நாற்பத்து நாலு என்றார்.

"நாற்பத்து மூணு," என்றார் பிரேம்காரர்.

மறுபடி எண்ணினார்கள். நாற்பத்து நாலுதான். பிரேம்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. அவள் எங்கேயோ தப்பாக ஒன்று போட்டிருக்கிறாள். ஏணியில் ஏறி ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காட்டிய பிறகு எல்லாம் அடையாளம் தெரிந்தது. இது அந்த வருஷம், இது மழைக்கு முன்னால். மெஷினுக்கு நேர் மேலே வந்தபோது நின்றார். நகத்தால் தடவினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரேகை ஒரு பக்கம் போய், ஒரு சின்னக் கணுவைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் சாதாரணமாக ஓடியது.

"இது தக்கை இல்ல. வெறும் மரம். அவ தப்பா போட்டுட்டா," என்று இன்ஜினியரிடம் சொன்னார்.

"தக்கைதான். அது நான் வச்சது," என்றாள் அவள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, இவர் போய் ஒரு மாதம் கூட இருந்தார். அந்தச் சமயம் மெஷினுக்கு நேர் மேலே இருந்த ஒரு கூட்டிலிருந்து வண்டுகள் கிளம்பிப் போயின. அவள் விதிப்படி காத்திருந்து, பொடி ஊதி, உடைந்த மரக்கரண்டியின் காம்பைச் சீவித் தக்கை செய்து அடித்தாள். நிறத்துக்கு டீத்தண்ணீர். ரேகைக்குப் புருவம் தீட்டுகிற பென்சில். கணு வேண்டும் என்று வைக்கவில்லை. தக்கையில் ஒரு பக்கம் சிராய் போய்விட்டது, அதை மறைக்கக் கணுவாக்கிவிட்டாள். இதையெல்லாம் அவள் ஏணிக்குக் கீழே நின்று, அவரைப் பார்க்காமல், இன்ஜினியரிடம் சொன்னாள். ஊரிலிருந்து வந்ததும் இவர் உத்தரத்தைப் பார்வையிட்டுவிட்டு, நான் இல்லாதபோது இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது என்று சொன்னாராம். சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்ஜினியருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஒருவர் மரம் என்கிறார், ஒருவர் தக்கை என்கிறார். வட்டங்களை நம்புவதற்கு எப்படியும் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்ததையே திறந்துவிடலாம் என்று டிரில்லை எடுத்தார். அவளும் மெஷினை ஓரமாகத் தள்ளினாள்.

பிரேம்காரர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. உள்ளங்கையை அந்த வட்டத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

"இதை வேண்டாங்க. இது தக்கைதான். அவ சொன்னா சரிதான். என்னோடதுல எதை வேணா திறங்க."

இப்போதுதானே மரம் என்றீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார் பிரேம்காரர். பிறகு தானே இறங்கி, டிரில்லை வாங்கிக்கொண்டு, நாலாவது தூணுக்கு மேலே போனார். அங்கே இருந்தது அவருடைய வேலையிலேயே சிறந்தது. அதற்காக ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஏணியில் நின்றிருக்கிறார். அதைத் துளைத்துத் தக்கையைப் பிடுங்கி எடுத்தார். இன்ஜினியர் கம்பியை விட்டு அளந்தார். ஒரு அங்குலம் மேலே, பிறகு இடது பக்கம் ஒரு சாண். கம்பியோடு பழைய மகரந்தப் பொடி மஞ்சளாக உதிர்ந்தது. உள்சுவர் வழவழவென்று இருந்தது. மண் இல்லை, ஈரம் இல்லை.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. நாற்பத்து நாலு வாசல், நேற்றைய ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண். தட்டினபோது பொள்ளலாகக் கேட்ட இடங்களும் வட்டங்களும் ஒன்றுக்கொன்று சரியாகச் சேர்ந்தன. தூணும் உத்தரமும் சேருகிற இடங்களில் மரம் கெட்டியாக இருந்தது. இன்ஜினியர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினார்: குடியிருக்கலாம், இரண்டு மாதத்துக்குள் மீதி ஓட்டைகளையும் அடைத்து, எல்லா மரத்துக்கும் அடிப்பக்கம் உட்பட பிரைமரும் இரண்டு கோட்டு பெயிண்ட்டும் அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் சான்று செல்லாது. ஓனர் அன்றைக்கே பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார், மனிதர் மனம் மாறிவிடக் கூடாதே என்று. திருப்பிக் கொடுத்த துணியைக் கேட்டு அவள் ஆள் அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்து, மூன்றாவது தூண் வண்டின் குடும்பமும் கிளம்பிப் போன பிறகு, பிரேம்காரர் அந்த ஓட்டைகளை அடைத்தார். ரேகை வரையவில்லை. பிரைமர் காய்ந்ததும் ஒரு கோடியிலிருந்து பெயிண்ட் அடித்துக்கொண்டே வந்தார். நாற்பத்து மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் நிறத்துக்குள் போயின. அவர் எதிர்பார்த்த அளவுக்கு மனம் வலிக்கவில்லை. மெஷினுக்கு நேர் மேலே ஒரு முழம் மட்டும் பிரைமர்கூடப் படாமல் பாக்கி இருந்தது. அதை அவர் விட்டுவைத்திருந்தார்.

"நல்லா இருக்கு. என்னால இப்படி முடிஞ்சிருக்காது," என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஆறு வாரம் ஆகியிருந்தது. "ஒன்பது வருஷமா என்கிட்ட ஏன் காட்டலை?"

அவள் பல்லில் பிடித்திருந்த நூலை எடுத்தாள்.

"நீங்க உங்களோடதைக் காட்டிக்கிட்டிருந்தீங்க. நடுவுல எங்க காட்டறது?"

பிரேம்காரருக்கு ஏணியில் நின்றபடியே வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இத்தனை உயரத்தில். பிறகு இறங்கி வந்து பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார். அடிக்காமல் விட்டுவிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், அடுத்த வெயிலுக்கு வண்டு நேராக அந்த ஒரு முழத்துக்குத்தான் வரும் என்றார். அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். அவர் கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தக்கை இருந்த இடம் மறைகிறவரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.